கத்தத் தெரிந்தால் மட்டும் போதாது
சரக்கு வண்டிக்கு அலாரம் பொருத்தும் வணிகர்கள் கவனத்துக்கு

கடைக்கு ஷட்டர் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, இரவுக் காவலருக்கு மாதாமாதம் பணமும் கொடுக்கிறோம். ஆனால் கடையில் பாதிச் சரக்கையும் அன்றைய வசூலையும் சுமந்துகொண்டு ஊர் சுற்றும் வண்டிக்கு என்ன காவல் வைத்திருக்கிறோம்? பெரும்பாலும் கம்பெனி கொடுத்த சாவி ஒன்றுதான். பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பூட்டு வேறு வண்டியின் சாவிக்கும் திறந்துகொள்ளும் என்பது பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

"அதற்குத்தான் அலாரம் போட்டாயிற்றே" என்று சிலர் சொல்லக்கூடும். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் அனுபவத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அலாரம் பற்றிய விவரங்களுக்கு வருகிறோம்.

எங்கள் அனுபவம்

2011-ம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் விடியற்காலைக் கொள்முதல். எங்கள் மாருதி ஆம்னியில் நல்லெண்ணெய் டின்கள், முந்திரி, ஏலக்காய் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அடுத்த தெருவில் இன்னொரு மண்டியில் பருப்பு விலை பேச நாங்களும் டிரைவரும் போனோம். டிரைவர் ரிமோட்டை அமுக்கிக் கதவைப் பூட்டினார். நாங்களே பார்த்தோம். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தால் பின்கதவு லேசாகத் திறந்து கிடக்கிறது. ஏலக்காய்ப் பெட்டியும் முந்திரியும் இல்லை. டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருந்த கொள்முதல் பணம் நாற்பத்தாறாயிரம் ரூபாயும் இல்லை.

பூட்டு உடையவில்லை. அலாரமும் கத்தவில்லை. மனம் எங்கே போகும்? ஒன்பது வருடம் எங்களிடம் வேலை பார்த்த டிரைவர் மீது போயிற்று. நேரடியாகத் "திருடினாய்" என்று சொல்லவில்லையே தவிர, கேட்ட கேள்விகள் எல்லாம் அந்த அர்த்தத்தில்தான் இருந்தன. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்து வண்டியைக் காட்டினோம். அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்ன சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அலாரம் 'வேலட்'டில் இருக்கிறது. ரிமோட்டை அமுக்கினால் கதவு பூட்டும், சைரன் கத்தாது" என்றார். யார் அப்படி வைத்தது? யோசித்தால் நாங்கள்தான். பொருத்திய நாள் முதல் லாரி போனாலும் கத்தும், இடி இடித்தாலும் கத்தும். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு நள்ளிரவில் பொறுக்க முடியாமல், "அந்தச் சனியனை அமர்த்தி வை" என்று டிரைவரிடம் சொன்னது நாங்களேதான். அதன்பின் அந்த நினைப்பே எங்களுக்கு இல்லை.

டிரைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "அன்னைக்கு நீங்கதான் அண்ணாச்சி அமர்த்தி வைக்கச் சொன்னீங்க. நானும் மறந்துட்டேன்" என்றார். ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். போன பணத்தை இரண்டு சீசனில் ஈடுகட்டிவிட்டோம். அவர் முகத்தைப் பார்த்துப் பழையபடி பேச அதைவிட அதிக நாளாயிற்று.

இதிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டது ஒன்றுதான். வீணாகக் கத்தும் அலாரத்தை ஒருநாள் நாமே அமர்த்தி வைத்துவிடுவோம். அமர்த்தி வைத்த அலாரம் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். ஆகவே எந்தப் பெட்டியை வாங்குகிறோம் என்பதைவிட, அதை யார், எங்கே, எப்படிப் பொருத்தி, எந்த அளவில் வைத்துக் கொடுக்கிறார் என்பதே முக்கியம்.

அலாரத்தில் என்னென்ன இருக்கும்?

வெளியில் வாங்கிப் பொருத்தும் அலாரத்தில் பொதுவாக ஐந்து உறுப்புகள் உண்டு. மூளை போன்ற ஒரு பெட்டி, சைரன், ரிமோட்டுகள், அதிர்வை உணரும் ஷாக் சென்சார், இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் ரிலே. இவற்றோடு ஒவ்வொரு கதவிலும் ஒரு பின் சுவிட்ச் இருக்கும். கதவைத் திறந்ததும் உள்விளக்கு எரிகிறதே, அந்த வேலையைச் செய்யும் அதே சுவிட்ச்தான்.

இதில் சைரன் ஆளைக் கூப்பிடும், வண்டியைத் தடுக்காது. வண்டியைத் தடுப்பது ரிலே. சரக்கைக் காப்பது கதவு சுவிட்சுகள். இந்த மூன்றும் மூன்று தனித்தனி வேலைகள். "சத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு வாங்கினால் மற்ற இரண்டும் விட்டுப் போகும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

முதலாவது, ரிமோட்டின் குறியீடு. பழைய, மலிவான ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்பும். அதைக் காற்றில் பிடித்துப் பதிவு செய்து திரும்ப அனுப்பும் கருவிகள் உண்டு. நாம் பூட்டும்போது பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டால், நாம் போனதும் அவன் திறந்துகொள்வான். ஒவ்வொரு முறையும் குறியீட்டை மாற்றிக்கொள்ளும் 'ரோலிங் கோடு' வகையைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல, ஆனால் கடைவீதித் திருடனுக்கு அது பெரிய தடை.

இரண்டாவது, சைரனுக்கு உள்ளேயே தனி பேட்டரி இருக்கிறதா? இல்லையென்றால் வண்டியின் பேட்டரி ஒயரைக் கழற்றியதும் சைரன் வாயை மூடிக்கொள்ளும். தனி பேட்டரி உள்ள சைரன், ஒயரை அறுத்தாலும் கத்தும்.

மூன்றாவது, சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் எடுக்கும்? இது நம்மவர்கள் கேட்காத கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மில்லி ஆம்பியர் எடுக்கும் அலாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-அவர் தின்னும். பத்து நாள் வண்டி நின்றால் 5 போகும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அதைத் தாங்கும். 80 மில்லி ஆம்பியர் எடுத்தால் பத்து நாளில் 19 போய்விடும். பாதிக்கு மேல் காலி. பேட்டரி பழையதாக இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஊருக்குப் போய்விட்டு வந்து வண்டியைத் தள்ளுகிற பலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

நான்காவது, நம் வண்டிக்கான கப்ளர் செட் கிடைக்குமா? கம்பெனி ஒயரை வெட்டாமல் சாக்கெட்டோடு சாக்கெட்டாகச் செருகும் ஏற்பாடு இது. வாரண்டி முடியாத வண்டியில் ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டால், பின்னால் எலெக்ட்ரிகல் கோளாறு வரும்போது கம்பெனி கைவிரித்துவிடலாம். முன்கூட்டியே டீலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. புது வண்டிகள் பலவற்றில் சாவியிலேயே சிப் வைத்த இம்மொபிலைசர் வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு இன்ஜினைத் தடுக்கும் ரிலே தனியாகத் தேவைப்படாது. கதவுக்கும் சரக்குக்கும் மட்டும் காவல் வைத்தால் போதும்.

வண்டிக்கு வண்டி வேறுபாடு

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற உதிரிபாகக் கடைத்தெருக்களில் விற்கும் செட்டுகள் பெரும்பாலும் காருக்கென்றே அமைந்தவை. நம் வண்டிகளுக்கு அவற்றைக் கொஞ்சம் மாற்றிப் பொருத்த வேண்டும்.

ஆம்னி உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டாலும் மளிகைக் கடைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் அங்கே சூடு அதிகம். அலாரம் பெட்டியை அங்கே வைக்கக் கூடாது. இரண்டு பக்கத் தள்ளுகதவுகளுக்கும் பின்கதவுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரக்கு போவது பெரும்பாலும் இந்த மூன்றின் வழியாகத்தான். முன்கதவு இரண்டுக்கு மட்டும் சுவிட்ச் வைத்துவிட்டுப் போகும் மெக்கானிக்குகள் உண்டு.

2005-ல் வந்த டாடா ஏஸ் போன்ற சின்ன லோடு வண்டிகளில் கேபினுக்கு மட்டும்தான் அலாரம் காவல். திறந்த தொட்டியில் தார்ப்பாயை அவிழ்த்தால் அலாரத்துக்குத் தெரியாது. பெட்டி வைத்த வண்டியாக இருந்தால் பின்கதவில் காந்த சுவிட்ச் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். திறந்த வண்டியாக இருந்தால் ஆள் காவல்தான், வேறு வழியில்லை.

பழைய டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு சேதி. பம்ப் முழுதும் மெக்கானிகலாக இருக்கும் டீசல் இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரம் அனேகமாகத் தேவையில்லை. ஸ்டார்ட்டர் ஒயரை மட்டும் தடுத்தால், சரிவில் உருட்டி கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அதில் டீசலை நிறுத்தும் சாலினாய்டு இருந்தால் அதையும் ரிலேயில் சேர்க்கச் சொல்ல வேண்டும். கூடவே ஒரு கியர் லாக் போடுவது மேல். இரும்புப் பூட்டுக்குப் பேட்டரி வேண்டாம்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

வண்டியை விட்டுவிட்டு மாலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விடாதீர்கள். மூட்டை எடை போடும்போது தராசின் பக்கத்தில் நிற்பதுபோல நில்லுங்கள். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. பேட்டரியிலிருந்து வரும் மெயின் ஒயரில், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் ஒயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் வண்டியே தீப்பிடிக்கும். எண்ணெயும் அட்டைப்பெட்டியும் ஏற்றும் வண்டியில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. ஒட்டுகளை முறுக்கி வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் நம் ஊர் வெயிலில் பசை இளகி ஒரு கோடையில் அவிழ்ந்துவிடும். ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

3. ஓடும் வண்டியை நிறுத்தும் இணைப்பு வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓட்டத்தில் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்குக் கிடைக்கும் துணை குறையும். பைபாஸில் அப்படி நடந்தால் சரக்கு போவதைவிடப் பெரிய நஷ்டம். நிற்கும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பதே போதும்.

4. அந்தத் தடுப்பு ரிலே இரண்டு விதமாகப் போடலாம். ஒரு விதத்தில் அலாரம் பழுதானாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். இன்னொரு விதத்தில் அலாரம் பழுதானால் வண்டி நகராது. பின்னதில் பாதுகாப்பு அதிகம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கொள்முதலுக்குப் போகிற நமக்கு முன்னதே தோது. எதைப் போட்டிருக்கிறார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

5. சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் மழைநீர் தேங்கும். சைலன்சர், ரேடியேட்டர் சூடு படாத இடமாகவும், கீழே குனிந்து கைவிட்டால் எட்டாத இடமாகவும் இருக்கட்டும்.

6. அலாரம் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில் கை எட்டும் இடத்தில் தொங்கக் கூடாது. முதலில் திருடன் கை வைக்கும் இடம் அதுதான்.

7. மஞ்சள் உறை போட்ட ஒயர்களும் மஞ்சள் சாக்கெட்டுகளும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை யாரும் தொடக் கூடாது.

வீணாகக் கத்துவது ஏன்?

எங்கள் ஆம்னி லாரிக்கெல்லாம் கத்தியதற்கு இரண்டு காரணங்களைப் பின்னால் கண்டுபிடித்தோம். ஒன்று, ஷாக் சென்சாரை உறுதியான இரும்பில் திருகாமல் ஆடும் பிளாஸ்டிக்கில் கட்டியிருந்தார்கள். இரண்டு, அதன் திருகை முழு அளவுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிடமும் இருந்தால் தீர்ந்திருக்கும் கோளாறு அது.

திருகை முதலில் குறைந்த அளவில் வைத்து, கடைவீதியில் வழக்கமாக நிற்கும் இடத்தில் இரண்டு நாள் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கண்ணாடியைக் கையால் பலமாகத் தட்டினால் கத்த வேண்டும். லாரி போனால் கத்தக் கூடாது. அதுவே சரியான அளவு. இரவு வண்டி நிற்கும் இடமும் கடைவீதியும் ஒன்றல்ல என்பதால் இரண்டு இடத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. தள்ளுகதவின் சுவிட்ச் துருவேறிவிட்டால் கதவு திறந்ததாக அலாரம் நினைத்துக்கொள்ளும். சுவிட்சைத் துடைத்தாலே சரியாகும். மின்னழுத்தம் குறைவதை வைத்துக் கதவு திறந்ததைக் கண்டுபிடிக்கும் மலிவு வகைகள், இன்ஜினை நிறுத்திய பிறகு ரேடியேட்டர் ஃபேன் ஓடினாலும் கத்தும். உள்ளே அசைவு பார்க்கும் சென்சார், அடுக்கிய மூட்டை சரிந்தாலும் கத்தும். சரக்கு வண்டிக்கு அந்தச் சென்சார் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

பணம் கொடுக்கும் முன் சோதனை

கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியைப் பூட்டுங்கள். அலாரம் விழித்துக்கொள்ளச் சில விநாடி ஆகும், அதுவரை பொறுத்து, கையை உள்ளே விட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கத்த வேண்டும். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள், ஆகக் கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், சைரன் தொடர்ந்து கத்த வேண்டும். நிற்கும் நிலையில் எடுக்கும் கரண்டை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, வேலட் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்போது அது போடப்பட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும் என்பதை முதலாளியும் டிரைவரும் சேர்ந்து நின்று கற்றுக்கொள்ளுங்கள். வண்டியை சர்வீசுக்கு விட்டு எடுக்கும்போது மெக்கானிக் அதைப் போட்டுவிட்டு மறந்திருப்பார். எடுத்தவுடன் ஒரு முறை கத்தவைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இன்சூரன்ஸ் விஷயம்

புனே ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவியைப் பொருத்தி, ஆட்டோமொபைல் சங்கத்தின் சான்றும் பெற்றால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் ரூ.500 வரை தள்ளுபடி என்று 2002-ம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் சொன்னது. 2007 முதல் அந்தப் பிரீமியத்தை நிர்ணயிப்பது கம்பெனிகளின் பொறுப்பாகிவிட்டது. ஆகவே புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் கேட்டுப் பாருங்கள். அலாரம் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

வண்டி திருடு போனால் உடனே போலீசில் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். உடனே புகார் பதிவு செய்திருக்கும்போது, கம்பெனிக்குத் தெரிவிக்கத் தாமதமானது என்பதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் தாமதம் எதற்கு? கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனதாகத் தெரிந்தால் தகராறு வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. மோட்டார் பாலிசி வண்டிக்குத்தான். உள்ளே இருக்கும் சரக்குக்கும் பணத்துக்கும் அது பொறுப்பல்ல. எங்களுக்கு ஏலக்காய்க்கும் கொள்முதல் பணத்துக்கும் ஒரு காசு கிடைக்கவில்லை. கடைக்காரர்களுக்கான பாலிசியில் வழிப்பணத்துக்குத் தனிப் பிரிவு உண்டு, சரக்குக்குப் போக்குவரத்துப் பாலிசி உண்டு. விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையின் இன்றைய நடைமுறை

ஆம்னியை விற்று வேறு வண்டி வாங்கிவிட்டோம். அதிலும் அலாரம் உண்டு. வண்டி இருக்கும் இடத்தை செல்போனில் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் உண்டு. அது வண்டி எங்கே என்று சொல்லும், பின்கதவைக் காக்காது. ஆகவே இரண்டும் வேண்டியிருக்கிறது. சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் அதுவும் ஊமைதான்.

இரண்டு ரிமோட்டில் ஒன்று டிரைவரிடம், ஒன்று வீட்டுப் பெட்டியில். பணம் வண்டியில் இருப்பதில்லை, இடுப்புப் பையில்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை திறக்கும் முன் டிரைவர் வண்டியைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து ஒரு முறை கத்தவைப்பார். கத்தியது என்று பேரேட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் ஒரு டிக் போடுவார். அமர்த்தி வைக்க நேர்ந்தால், யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். அந்த நோட்டு டிரைவரைச் சந்தேகித்து வைத்ததல்ல. இனி ஒருமுறை அவரைச் சந்தேகிக்க நமக்கு இடம் வரக் கூடாது என்று வைத்தது.

வணிகப் பெருமக்களே, உங்கள் வண்டியில் அலாரம் இருக்குமானால், இதைப் படித்து முடித்ததும் வெளியே போய் அதை ஒருமுறை கத்தவைத்துப் பாருங்கள். கத்தினால் நல்லது. கத்தாவிட்டால், சரக்கு இன்னும் வண்டியில் இருக்கும்போதே அது தெரிந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம்.